பன்னிரண்டு மணிக் கட்டம்

இரண்டு மணிக்குத் தொடங்க வேண்டிய நேர மேலாண்மைப் பயிற்சி இரண்டு இருபத்திரண்டுக்குத் தொடங்கியது. பயிற்சியாளர் மதுரையிலிருந்து காரில் வந்திருந்தார். டோல்கேட்டில் வரிசை நீளம் என்று காரணம் சொன்னாரே தவிர மன்னிப்புக் கேட்கவில்லை. தாமதத்துக்குக் காரணம் தேடுவதுதான் ஒத்திப்போடுகிறவர்களின் முதல் அடையாளம் என்று தன்னுடைய மூன்றாவது ஸ்லைடில் அவரே எழுதிவைத்திருக்கிறார் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. பிறகு தெரிந்தபோதும் சிரிக்கத் தெம்பிருந்தவர்கள் குறைவு. காலை ஏழிலிருந்து, வழக்கமான இரண்டுக்குப் பதில் இன்று ஒரு மணி வரை வார்டில் நின்றுவிட்டு, ஹாஸ்டல் மெஸ்ஸில் ரசம் சோற்றைப் பத்து நிமிடத்தில் விழுங்கிவிட்டு ஓடிவந்த மூன்றாமாண்டு நர்சிங் மாணவிகள் ஐம்பத்தொன்பது பேர். பாதிப் பேருக்குக் கண் திறந்திருந்தது, மீதிப் பேருக்கு அதுவும் இல்லை. பிரம்மசக்தி மட்டும் அந்த இருபத்திரண்டு நிமிடத்தை மனதுக்குள் அடிக்கோடிட்டு வைத்துக்கொண்டாள். இன்று அவளுக்கு நிமிடங்களோடு ஒரு வழக்கு இருந்தது. நான்கு மணிக்குள் கேஸ் ஸ்டடியை ஆசிரியை வனஜா மேடத்தின் கையில் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் அக மதிப்பெண் இல்லை. அக மதிப்பெண் இல்லாவிட்டால் அடுத்த மாதத் தேர்வுக்கு ஹால் டிக்கெட் இல்லை. ஒரு வருடம் போகும். எண்பத்து நான்கு பக்கத்தில் எண்பத்து மூன்று பக்கம் முடிந்து, பழுப்பு அட்டை போட்டு, மடியிலிருந்த பைக்குள் இருக்கிறது. இதயத்தின் நான்கு அறைகளையும் சிவப்பு, நீலம், ஊதா என்று மூன்று வண்ணப் பென்சிலில் வரைந்திருக்கிறாள், வால்வுகளை மெல்லிய கறுப்பில். மிச்சம் கடைசிப் பக்கம். அதிலும் ஒரே ஒரு கட்டம். கட்டத்துக்குள் எழுத வேண்டியது இரண்டு இலக்கம். பத்தொன்பது நாளாக அதை அவள் எழுதவில்லை.

பயிற்சியாளர் மைக்கைத் தட்டிப் பார்த்தார். "எல்லாருக்கும் கடவுள் சமமா குடுத்தது ஒண்ணே ஒண்ணுதான். அது என்ன?" என்றார். "இருபத்தி நாலு மணி நேரம்" என்று அவரே பதிலும் சொன்னார். இல்லை என்று பிரம்மசக்தியின் மனது உடனே எழுந்து நின்றது. அந்த வெயிலுக்கும் சோற்றுக்கும் அதன் சுறுசுறுப்பு அவளுக்கே வியப்பாக இருந்தது. சமமாகக் கொடுக்கவில்லை. ஆண்கள் மெடிக்கல் வார்டில் முப்பத்திரண்டு கட்டில். இரண்டு ஸ்டாஃப் நர்ஸ், அதில் ஒருவர் எப்போதும் ஸ்டோர் ரூமில் எதையாவது எண்ணிக்கொண்டிருப்பார். மீதி எல்லாம் படிக்க வந்த பிள்ளைகள். படிக்க வந்த பிள்ளைகளுக்குப் பயிற்சி என்று பெயர் வைத்து, படுக்கை விரிப்பு மாற்றுவதிலிருந்து எக்ஸ்ரே வாங்கி வருவது வரை அவர்கள் தலையில் கட்டினால் ஆஸ்பத்திரி நடக்கும். நடக்கிறது. அப்புறம் அதே பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, உங்களுக்கு நேரத்தைக் கையாளத் தெரியவில்லை என்று மதுரையிலிருந்து ஆள் கொண்டுவந்து சொல்வார்கள். ஒரு கட்டிலுக்கு நாடி முழு நிமிடம், மூச்சு முழு நிமிடம், காய்ச்சல் இரண்டு நிமிடம், பி.பி. மூன்று நிமிடம். முப்பத்திரண்டால் பெருக்கிப் பாருங்கள் சார், வரும் எண்ணையும் நீங்களே சொல்லுங்கள். மேடைக்கு மேலே சுவர்க் கடிகாரம் பதினொன்று இருபதில் நின்றிருந்தது. அதன் பேட்டரியைக் கழற்றியவள் அவள்தான். வார்டு பி.பி. மெஷினுக்கு பேட்டரி தீர்ந்து, ஸ்டோருக்கு எழுதிப்போட்டு நான்கு நாள் ஆகியும் வராமல், ஒரு முற்பகல் நாற்காலிமேல் ஏறி அதைக் கழற்றிக்கொண்டு போனாள். ஆக, நேர மேலாண்மைப் பயிற்சி நடக்கும் கூடத்தின் நேரம் எட்டாம் கட்டிலில் இருக்கும் ஒருவரின் ரத்த அழுத்தமாக ஓடிக்கொண்டிருக்கிறது. இதைப் பயிற்சியாளரிடம் சொன்னால் அதையும் ஒரு ஸ்லைடாக்கிவிடுவார். நாசமாகப் போக.

"ஏட்டி, முகத்த இப்படி வச்சிருக்காத. மேடம் பாக்காவ" என்றாள் பக்கத்திலிருந்த எப்சிபா. முதலாமாண்டிலிருந்து பக்கத்துக் கட்டில், பக்கத்து நாற்காலி. "அந்தாளு உன்னய எழுப்பி கேள்வி கேட்டுருவாரு." "கேக்கட்டும்." "கேட்டா என்ன சொல்லுவ?" "சொல்லுவேன்." "ஒண்ணும் சொல்லாண்டாம், தாயே. நாலு மணிக்கு அந்த ரெக்கார்ட குடுத்துட்டு வா, ஹாஸ்டல்ல போயி படுப்போம்" என்றாள் எப்சிபா. பின்பு குரலைத் தாழ்த்தி, "போட்டுட்டியா?" என்று கேட்டாள். பிரம்மசக்தி இல்லை என்று தலையசைத்தாள். "எளா, ரெண்டு நம்பரு! எழுபத்தெட்டுன்னு போட எம்புட்டு நேரம் ஆவும்?" ஒரு நொடி. பேனா மூடியைக் கழற்றும் நேரத்தையும் சேர்த்தால் மூன்று. அதுதானே வேடிக்கை. மேடையில் அவர் இப்போது பெரிய வேலை சின்ன வேலை என்று ஏதோ சொல்லிக்கொண்டு ஒரு கண்ணாடி ஜாடியைத் தூக்கிக் காட்டினார். ஜாடி வேண்டும் என்று அவர் போனில் சொல்லியிருக்கிறார் போலும், கல்லூரியில் இருந்த ஒரே பெரிய ஜாடியை உடற்கூறு ஆய்வகத்திலிருந்து கழுவிக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். பார்மலின் வாடை இரண்டாம் வரிசை வரை வந்தது. போன வருடம் அதற்குள் ஒரு சிறுநீரகம் மிதந்துகொண்டிருந்ததை அந்த ஹாலில் எல்லோரும் அறிவார்கள், அவரைத் தவிர. அவர் அதில் முதலில் பெரிய கூழாங்கற்களைப் போட்டார். இதுதான் உங்கள் லட்சியம் என்றார். சிறுநீரகம் இருந்த இடத்தில் லட்சியம். எப்சிபா துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டாள். பிரம்மசக்திக்கும் சிரிப்பு வந்திருக்கும், கோபம் வழியில் நிற்காமல் இருந்திருந்தால்.

எழுபத்தெட்டு. நல்ல எண், யோசித்துச் செய்த எண். முதலாமாண்டில் நாடி பார்க்கச் சொல்லிக்கொடுத்தபோது, மூன்று விரலை மணிக்கட்டில் வைத்து முழு அறுபது நொடி எண்ண வேண்டும் என்று வனஜா மேடம் பலகையில் எழுதி இரண்டு கோடு போட்டார். இரண்டாமாண்டில் வார்டுக்குப் போனதும் பதினைந்து நொடி எண்ணி நாலால் பெருக்கு என்றார்கள். மூன்றாமாண்டில் வார்டு பொறுப்பாளர் ராஜம் சிஸ்டர், பெருக்கலையும் ஒழித்தார். "பிள்ளைகளா, பன்னெண்டு மணி சார்ட்டயும் ரெண்டு மணி சார்ட்டயும் ஒரே மூச்சுல போட்டுருங்க. ஷிப்டு மாறுற நேரத்துல சார்ட்டு காலியா கெடந்தா மேலருந்து என்னயத்தான் கேப்பாவ." அப்படிப் போடுவதற்கும் ஒரு கலை உண்டு, அதையும் அவரே சொல்லிக்கொடுத்தார். எழுபத்திரண்டு போடாதே, அது புத்தகத்தில் இருப்பது. எழுபது, எண்பது என்று முழு எண் போடாதே, பார்த்தாலே தெரியும். பதினைந்து நொடி எண்ணி நாலால் பெருக்குகிறவளுக்கு எழுபத்தாறு வரும், எண்பது வரும். எழுபத்தெட்டு ஒருக்காலும் வராது. ஆகவே எழுபத்தெட்டு என்று போட்டால், இவள் பொறுமையாக நின்று எண்ணியிருக்கிறாள் என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். எண்ணாதவள்தான் எண்ணியவளைப் போல அவ்வளவு அழகாக எழுத முடியும். எண்ணிலேயே எவ்வளவு மரியாதை பாருங்கள். இந்த நாலாம் வாய்ப்பாட்டு நுட்பத்தை உலகத்தில் வேறு எந்தப் பயிற்சியாளரும் சொல்லித்தரமாட்டார். ராஜம் சிஸ்டரைத் திட்ட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது, திட்டவும் செய்தாள், மனதுக்குள், தன் ஊர் வார்த்தைகளில் நாலைந்து. ஆனால் ராஜம் சிஸ்டருக்கு இரண்டு காலிலும் நரம்பு சுருட்டிக்கொண்டு நிற்கிறது, மதியம் மூன்று மணிக்குத்தான் டிபன் டப்பாவைத் திறப்பார் என்பதும் கூடவே ஞாபகம் வந்து, திட்டு பாதியில் நின்றது. திட்டுவதற்கு முழுசாக ஒரு ஆள்கூட இந்த ஆஸ்பத்திரியில் கிடைக்கவில்லையே என்று அதற்கும் சேர்த்து எரிச்சல் வந்தது.

பதினாலாம் கட்டில். ஆவுடையப்பன், ஐம்பத்தெட்டு வயது, பேரூராட்சியில் தண்ணீர் திறந்துவிடுகிற வேலை. இதயம் வீங்கி, கால் வீங்கி, இரண்டு தலையணை வைத்து உட்கார்ந்தவாக்கில் தூங்குகிறவர். கேஸ் ஸ்டடிக்கு அவளுக்கு ஒதுக்கப்பட்ட நோயாளி. ஆறு நாள். அவள் போய் நின்றதும் சட்டைக் கையை ஒதுக்கிவிட்டு வலது மணிக்கட்டை மேல்பார்க்கத் திருப்பி நீட்டுவார், பஸ்ஸில் சில்லறைக்கு நீட்டுவதுபோல. "என்ன தாயி, பிரஷர் எப்படி இருக்கு? தெருக்கடைசி வீடு வரைக்கும் தண்ணி போவுதா?" என்பார். "போவுது ஐயா." "மேட்டுத் தெருவுக்கு?" "அதுக்கும் போவுது." "பொய் சொல்லாத தாயி. மேட்டுத் தெருவுக்கு முப்பது வருசமா நானே அனுப்பினதில்ல." அவர் காலை ஐந்தரைக்கு ஒரு வால்வு, ஆறேகாலுக்கு ஒரு வால்வு என்று திறந்து பழகியவர். ஐந்தரை என்றால் ஐந்தரை, ஐந்து முப்பத்தைந்து ஆனால் தெருவே குடத்தோடு நின்று பரம்பரையை இழுக்கும் என்பார். அவரிடம் முதல் நான்கு நாளும் அவள் முழு நிமிடம் எண்ணினாள். கேஸ் ஸ்டடி என்பதால் எண்ணினாளா, அவர் பேச்சுக்காக எண்ணினாளா என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஐந்தாம் நாள் மதியம் எண்ணவில்லை. கட்டிலின் கால்மாட்டில் நின்று எழுதிவிட்டுத் திரும்பியபோது, "இன்னிக்குக் கையப் பிடிக்கலியே தாயி?" என்றார், குறையாக இல்லை, தகவலாக. அவள் சிரித்துவிட்டுப் போனாள். ஆறாம் நாள் பன்னிரண்டு பத்து. அன்று மட்டும் நான்கு புது அட்மிஷன், ஒருவர் வாந்தி, ஒருவரின் ட்ரிப் நின்றுபோய்க் குழாயில் ரத்தம் ஏறுகிறது, சார்ட் பலகைகள் முப்பத்திரண்டும் இடது முழங்கையில் அடுக்கடுக்காக. பதினாலாம் பலகையில் பன்னிரண்டு மணிக்கு எழுபத்தெட்டு என்றும் இரண்டு மணிக்கு எண்பத்திரண்டு என்றும் எழுதினாள். எழுதிவிட்டு நிமிர்ந்தால் அவர் கையை நீட்டிக்கொண்டிருந்தார். மேல்பார்க்கத் திருப்பி. சட்டைக் கை ஒதுங்கி. வாயால் ஒன்றும் கேட்கவில்லை. அன்று பேச்சில்லை என்பதை அவள் அப்போது கவனிக்கவில்லை. எல்லாம் பிறகுதான், ஒவ்வொன்றாக, ஹாஸ்டல் பக்கெட்டில் துணி அலசும்போது, பஸ் ஜன்னலில், ஜெபக் கூட்டத்தில் எப்சிபா பாடும்போது. "அஞ்சு நிமிஷம் ஐயா, இந்தா வாறேன்" என்றாள்.

"ஐந்து நிமிட விதி!" என்றார் பயிற்சியாளர். அவளுக்கு உடம்பு தூக்கிப்போட்டது. திரையில் சிவப்பு நிறத்தில் பெரிதாக ஐந்து. "எந்த வேலை உங்களுக்கு மலைப்பா இருக்கோ, அதை ஐந்தே ஐந்து நிமிஷம் மட்டும் செய்வேன்னு உட்காருங்க. ஆரம்பிச்சிட்டா மனசு தானா தொடரும். ஆரம்பிக்கிறதுதான் கஷ்டம்." அப்படியா. ஐந்து நிமிடம் என்ற சொல்லை இந்த ஆள் எங்கே கண்டார், எந்தக் கட்டிலின் கால்மாட்டில் நின்று எவருக்குச் சொல்லிப் பார்த்திருக்கிறார். அன்று ஒன்று பத்துக்கு ஆவுடையப்பனின் மகள் மருந்துச் சீட்டோடு திரும்பி வந்து "அப்பா, அப்பா" என்று உலுக்கினாள். அப்புறம் ஓட்டம், நெஞ்சை அமுக்குதல், ஊசி, திரை. ஒன்று ஐம்பத்தைந்துக்கு வனஜா மேடம் வார்டுக்கு வந்தார். அன்று மாணவிகளை மேற்பார்வையிடும் முறை அவருடையது. சார்ட் பலகையை எடுத்தார். இரண்டு மணிக்கு நாடி எண்பத்திரண்டு. சுவரில் மணி ஒன்று ஐம்பத்தைந்து. கட்டிலில் தாடையைச் சேர்த்துக் கட்டிய முகம். ஒரு மனிதர் செத்துப் பதினைந்து நிமிடம் கழித்து, இன்னும் ஐந்து நிமிடத்தில் அவருக்கு நாடி எண்பத்திரண்டு அடிக்கப்போகிறது. கத்தியிருந்தால், கன்னத்தில் ஒன்று வைத்திருந்தால்கூட, எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். மேடம் கத்தவில்லை. அவளை டியூட்டி ரூமுக்குக் கூட்டிப் போய், ஒரு புது சார்ட் தாளை மேசையில் வைத்து, "அதே பேனாவா? சரி, ஆறு நாளையும் பாத்து எழுது. பதறாம எழுது. ரெண்டு மணி வேண்டாம்" என்றார். "பன்னெண்டு மணி, மேடம்?" என்று அவள் கேட்டாள். கேட்டாள் என்பது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இதை மட்டும் யாரும் பறிக்க முடியாது. மேடம் அவளை ஒரு கணம் பார்த்தார். புரிந்தது. புரிந்ததை உள்ளே வைத்துப் பூட்டியதும் தெரிந்தது. "பன்னெண்டு மணி இருக்கட்டும்" என்றார். பழைய தாள் நாலாக மடிந்து கைப்பைக்குள் போனது. ஆக, கண்ணுக்குத் தெரிந்த பொய் போயிற்று, தெரியாத பொய் நின்றது, நின்றதோடு இல்லாமல் வேலையும் பார்த்தது. டாக்டர் மகளிடம் அதைத்தான் படித்துச் சொன்னார், பன்னிரண்டு மணிக்குக்கூட நாடி எழுபத்தெட்டு, சீராகத்தான் இருந்திருக்கிறது, திடீரென்று நடந்ததம்மா, யாரும் ஒன்றும் செய்திருக்க முடியாது. மகள் திரும்பி அவளைப் பார்த்து, "அப்போ அப்பா கஷ்டப்படல, இல்லியா சிஸ்டர்?" என்றாள். அவள் தலையை ஆட்டினாள். தலை ஆடியது. இந்தத் தலை.

பன்னிரண்டு மணிக்கு அவர் நாடி என்னவாக இருந்தது என்று அவளுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. நூற்றிருபதாக இருந்திருக்கலாம், நாற்பதாக இருந்திருக்கலாம், விட்டுவிட்டு அடித்திருக்கலாம், பிடித்துப் பார்த்திருந்தால் டாக்டரைக் கூப்பிட்டிருப்பாள், கூப்பிட்டிருந்தால் பிழைத்திருக்கலாம், பிழைக்காமலும் போயிருக்கலாம். எழுபத்தெட்டாகவே இருந்திருந்தால்? அதுவும் சாத்தியம், அதுதான் மிகப் பெரிய அநியாயம். எழுதியது உண்மையாகவே இருந்தாலும் அது பொய்தான். அந்த எண் உலகத்தில் எங்கேயும் இல்லை. பாடப் புத்தகத்தில், டாக்டர் கையெழுத்தில், மூன்று வண்ணப் பென்சிலில் வரைந்த நான்கு அறைகளில், எதிலும் இல்லை. நீட்டிய ஒரு மணிக்கட்டில் அறுபது நொடி இருந்தது, பிறகு அங்கேயும் இல்லை. கேஸ் ஸ்டடியின் கடைசிப் பக்கம் ஆறாம் நாள் அட்டவணை. பத்து மணிக் கட்டம் வரை நிரப்பிவிட்டாள். பன்னிரண்டு மணிக் கட்டத்தில் பேனாவை வைக்கும்போதெல்லாம் அந்தக் கை வந்து தாளின்மேல் மலர்ந்து கிடக்கும். முதல் தடவை எழுபத்தெட்டு என்று எழுதியது பழக்கத்தால். இரண்டாம் தடவை, மேடம் முன்னால், பயத்தால். மூன்றாம் தடவை எழுத அவளிடம் காரணம் எதுவும் கைவசம் இல்லை. இதற்குப் பெயர் ஒத்திப்போடுதல். மேடத்தின் முனைவர் பட்ட ஆய்வே இதைப் பற்றித்தான், இந்தப் பயிற்சியும் அதற்காகத்தான். அதில் இவள் ஒரு எண்ணிக்கை, ஐம்பத்தொன்பதில் ஒன்று, கடுமையான ஒத்திப்போடும் போக்குள்ள மாணவி. தேதி தவறினாள், இரண்டு முறை எச்சரிக்கப்பட்டாள், ஸ்டாஃப் ரூமில் எல்லார் முன்னாலும், "ஒரு டேபிள் போட உனக்குப் பத்தொம்பது நாளா, பிரம்மசக்தி? நீயெல்லாம் ஐ.சி.யூ.வுல நின்னா என்ன ஆகும்?" என்று கேட்கப்பட்டாள். கேட்கிறபோது அந்தக் கண்ணில் ஒரு சலனமும் இல்லை. தெரிந்தவர் கேட்கிறார். அதைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை. தெரியாதவர் ஆயிரம் கேட்கலாம். தெரிந்தவர், நாலாக மடித்தவர், கைப்பையின் ஜிப்பை இழுத்தவர்.

மூன்று பத்துக்கு மேடமே மேடையேறி, பயிற்சி எவ்வளவு பயனுள்ளதாக இருந்தது என்பதைப் பயிற்சி முடியுமுன்பே சொல்லி, படிவங்களை வரிசை வரிசையாக அனுப்பினார். நாற்பது வாக்கியம், ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டம். செய்ய வேண்டிய வேலையைக் கடைசி நிமிடம் வரை தள்ளிப்போடுகிறேன்: எப்போதும், அடிக்கடி, சில சமயம், அபூர்வமாக, ஒருபோதும் இல்லை. பிரம்மசக்தி புரட்டினாள். அதே நாற்பது வாக்கியம் மறுபடியும் இருந்தது. இரண்டு படிவத்தை ஒன்றாகச் சேர்த்துப் பின் அடித்திருந்தார்கள். முதல் படிவத்தில் இன்றைய தேதி. இரண்டாவதில், தட்டச்சில், அடுத்த மாதம் பதினான்கு. "இங்க பாருங்கம்மா," என்றார் மேடம், மைக்கைச் சற்று விலக்கி, குடும்ப விஷயம் பேசும் குரலில். "ஒரு மாசம் கழிச்சுத்தான் ரெண்டாவதை வாங்கணும். அப்ப உங்களுக்கு ஸ்டடி ஹாலிடே வந்துடும், எங்க போய் பிடிக்கிறது? அதனால ரெண்டையும் இன்னிக்கே முடிச்சுடலாம். முதல்ல இருக்கிறதை உள்ளபடி போடுங்க, கொஞ்சம் மோசமா இருந்தாலும் பரவாயில்ல. ரெண்டாவதுல பயிற்சிக்கு அப்புறம் எப்படி இருப்பீங்களோ, அப்படிப் போடுங்க. எல்லாத்தையும் 'ஒருபோதும் இல்லை'ன்னு போட்டுடாதீங்க, பாக்க நல்லா இருக்காது." ஹாலில் பேனாக்கள் சத்தம் கேட்டது. எப்சிபா ஏற்கெனவே இரண்டாவது படிவத்தின் பன்னிரண்டாம் வாக்கியத்தில் இருந்தாள், அடுத்த மாதம் பதினான்காம் தேதி அவள் அபூர்வமாகத்தான் தள்ளிப்போடுகிறாள். ஐம்பத்தெட்டுப் பேரும் இன்னும் வராத ஒரு நாளில் திருந்திக்கொண்டிருந்தார்கள். பிரம்மசக்தி அந்தத் தேதியையே பார்த்துக்கொண்டிருந்தாள். முழு எண் போடாதே, பார்த்தாலே தெரியும். ராஜம் சிஸ்டர் யாரிடம் கற்றார் என்பது இதுவரை அவளுக்குத் தோன்றாத கேள்வி. கால் நரம்பு சுருட்டிக்கொண்டவருக்கும் பட்டம் வாங்கப்போகிறவருக்கும் ஒரே பள்ளிக்கூடம். கோபம் இவ்வளவு நேரம் அங்கும் இங்கும் முட்டிக்கொண்டு திரிந்தது, ஆளில்லாமல். இப்போது அது வந்து ஓரிடத்தில் உட்கார்ந்தது, அதிசயமாக, சத்தமே இல்லாமல். இரண்டாவது படிவத்தின் குறுக்கே, "இந்த நாள் இன்னும் வரவில்லை" என்று எழுதினாள்.

"இப்ப கடைசிப் பயிற்சி" என்றார் பயிற்சியாளர், கைக்கடிகாரத்தைப் பார்த்து. அவருக்குத் திரும்பவும் டோல்கேட்டைக் கடக்க வேண்டியிருந்தது. "கண்ணை மூடி, நீங்க ரொம்ப நாளா தள்ளிப்போடுற ஒரே ஒரு வேலையை மனசுல நினைங்க. கண்ணைத் திறங்க. ஐந்து நிமிஷம். ஆரம்பிங்க!" சிலர் சிரித்தார்கள், ஒருத்தி நகம் வெட்டியை எடுத்தாள். பிரம்மசக்தி பையைத் திறந்து பழுப்பு அட்டையை வெளியே எடுத்தாள். "போடுதியா? போடு, போடு. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றாள் எப்சிபா. கடைசிப் பக்கம். ஆறாம் நாள். பன்னிரண்டு மணிக் கட்டம். கை வந்து தாளின்மேல் மலர்ந்தது. வரட்டும், இருக்கட்டும் என்று அவள் அதை நகர்த்தாமலே எழுதினாள். ரெக்கார்டு முழுக்க ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்பது கல்லூரி விதி. அந்த நேரத்தில் வந்தது தமிழ்தான். கட்டத்துக்குள், 'எண்ணவில்லை.' கட்டம் சிறியது, கடைசி எழுத்து கோட்டைத் தாண்டியது. அடியில் குறிப்புக்கு விட்டிருந்த இடத்தில்: 'நோயாளி கையை நீட்டினார். ஐந்து நிமிடம் என்று சொன்னேன். திரும்பிப் போகவில்லை. ஆஸ்பத்திரி சார்ட்டில் உள்ள 78 நான் எண்ணாமல் எழுதியது. அது திரும்ப எழுதப்பட்ட தாள்.' பெயர், வரிசை எண், தேதி. மணி பார்த்தாள். மூன்று நாற்பத்தொன்று. எழுதத் தொடங்கி நான்கு நிமிடம்தான் ஆகியிருந்தது. அந்த ஆள் சொன்னது சரிதான், சனியன். எப்சிபா எட்டிப் பார்த்தாள். "உனக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கா? உன்னய மட்டுமில்லட்டி, மேடத்தையும் சேத்து எழுதியிருக்க. கிழிச்சிரு. ஒரு தாளுதான, கிழிச்சிரு சக்தி. வருசம் போவும்." "போவட்டும்." "வருசம் மட்டும் போனா பரவால்ல. காலேஜ விட்டே தூக்கிருவாவ." அந்தப் பயம் வயிற்றில் இருந்தது, இல்லாமல் இல்லை. ரசம் சோற்றுக்குப் பக்கத்தில் ஒரு கூழாங்கல் மாதிரி.

கைதட்டல், பொன்னாடை, புகைப்படம் எல்லாம் முடிந்து, பயிற்சியாளரின் கார் கிளம்பிய பிறகு, வனஜா மேடம் ஹாலின் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து கேஸ் ஸ்டடிகளை வாங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பதிவு நோட்டு, பெயர், மணி, கையெழுத்து. யாருடையதையும் அவர் திறந்து பார்க்கவில்லை, அடுக்கினார். பிரம்மசக்தி வந்ததும், "ஆகா, வந்துடுச்சா! பாத்தியா, ரெண்டு மணி நேரப் பயிற்சியோட பலன்" என்றார், அக்கம்பக்கத்தாருக்கும் கேட்கும்படி. வாங்கினார். இவளுடையதை மட்டும் திறந்தார். நேராகக் கடைசிப் பக்கம். எங்கே பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. படித்தார். ஒரு முறை படிப்பதற்கு ஆகும் நேரத்தைவிட அதிக நேரம் படித்தார். முகம் மாறவில்லை, கழுத்தில் மட்டும், காதுக்குக் கீழே, ஒரு நரம்பு துடித்தது. எண்ணலாம் போலத் தெளிவாக. அட்டையை மூடி, அடுக்கில் வைக்காமல், மேசைக்குக் குறுக்கே அவள் பக்கமாகவே தள்ளினார்.

"இதை மாத்தி எழுதிட்டு நாளைக்குக் கொண்டா" என்றார், மெதுவாக.

"இன்னிக்கு நாலு மணின்னு சொன்னீங்க மேடம்."

"பரவாயில்ல. திங்கட்கிழமை குடு. ஒரு வாரம்கூட எடுத்துக்கோ, நான் பாத்துக்கறேன்."

"பத்தொம்பது நாள் ஆச்சு மேடம். இனிமே தள்ளிப்போட வேண்டாம்."

அந்த வாக்கியம் தன் வாயிலிருந்து வந்தது அவளுக்கே புதிதாக இருந்தது, வன்மமும் இருந்தது அதில், மறுப்பதற்கில்லை, நன்றாக இருந்தது. மேடம் தாழ்ந்த குரலில், "உன் நல்லதுக்குத்தான் அன்னிக்குச் செஞ்சேன். அந்தப் பொண்ணுகிட்ட போய் இப்ப இதைச் சொல்லி யாருக்கு என்ன கிடைக்கப்போகுது?" என்றார். அந்த மகள் நிம்மதியாகத் தூங்கும் ஓர் இரவு இதனால் போகலாம். அதை அவள் எடுத்துத்தான் ஆக வேண்டும், அதையும் தன் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் அவள் அந்த ரெக்கார்டை மேசையிலிருந்து எடுத்து, திரும்பவும் மேடத்தை நோக்கி நீட்டினாள். வாங்கிக்கொள்ளுங்கள், நோட்டில் மணி போடுங்கள் என்றாள். மேடம் எழுந்தார். ஒரு கையில் கைப்பை, ஒரு கையில் போன். முதல்வர் அறைப் பக்கம் பார்த்தார்.

"அஞ்சு நிமிஷம் இரு. இதோ வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

காரிடாரில் செருப்புச் சத்தம் தேய்ந்தது. எப்சிபா பின்னாலிருந்து, "இப்பவாச்சும் எடுத்துட்டு வாட்டி, ஓடிருவோம்" என்று கிசுகிசுத்தாள். பிரம்மசக்தி நகரவில்லை. ரெக்கார்டோடு நீட்டிய கையை மடக்கவும் இல்லை. அந்தக் கை எவ்வளவு நேரத்தில் வலிக்க ஆரம்பிக்கும் என்று அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. இடது மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தின் நொடி முள்ளைப் பார்த்தாள். ஐந்து நிமிடத்துக்கு முந்நூறு நொடி. பெருக்காமல், ஒன்றிலிருந்து, எண்ண ஆரம்பித்தாள்.